நாப் கழட்டும் படலம்

(குரோம்பேட்டையில் ஒரு வீட்டு வாசல். ஞாயிற்றுக்கிழமை காலை. 1965ல் மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து கிடக்கிறது. இந்த வேலைக்கு அதைத் திறக்கவே வேண்டியதில்லை. உள்ளே கியர் கம்பியின் உச்சியிலுள்ள குமிழோடு, அதாவது நாப்போடு, மல்லுக்கட்டும் மாமா, கதவோரம் மச்சான் குமார்.)

மாமா: ம்ம்ம்... ஹா! வரலைடா.

குமார்: இழுக்காதீங்க மாமா. மரை போட்டது, திருகித்தான் எடுக்கணும். இழுத்து வந்துச்சுன்னா நேரா மூக்குலதான் இடிக்கும்.

மாமா: ஏழு மணியிலேர்ந்து திருகிட்டுத்தான் இருக்கேன்.

குமார்: அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே!

மாமா: கீழ கியர் கம்பியைச் சுத்தியிருக்கிற ரப்பர் உறை கிழிஞ்சு கியர்பாக்ஸ் சூடு பூரா வேட்டிக்குள்ள வருது. தாம்பரம் போய்த் திரும்புறதுக்குள்ள முட்டி ரெண்டும் இட்லி மாதிரி வெந்துடுது. புது உறையைக் கம்பிக்கு மேல வழியாத்தானே நுழைக்கணும்?

குமார்: சரி, லாக் நட்டை லூசாக்கினீங்களா?

மாமா: எந்த நட்டு?

குமார்: நாப்புக்கு அடியில மெலிசா இருக்கு பாருங்க. அது இல்லைன்னா நாப் இறுகுற இடத்துல நின்னுக்கும். மேல இருக்கிற ஒண்ணு ரெண்டு மூணு நாலு, பின் சீட்டைப் பார்த்து இருக்கும்.

மாமா: நம்பரைப் பார்த்தா நான் கியர் போடறேன்?

குமார்: அதான் தெருவுக்கே தெரியுமே. இந்த வண்டியில முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது, பல் சக்கரங்களோட வேகத்தை ஒண்ணாக்கிச் சத்தமில்லாம சேர்க்கிற அமைப்பு. நீங்க வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே போடுறீங்க. அந்தச் சத்தத்துல எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடுது.

மாமா: பேசாம ஸ்பேனரைக் கொடு.

குமார்: ஐயோ, அந்தப் பக்கம் இல்ல! அப்படித் திருப்பினா நட்டு மேல ஏறி நாப்பை இன்னும் இறுக்கும். மேலேருந்து பார்த்தா நட்டு வலது பக்கம், நாப் இடது பக்கம்.

மாமா: ஒண்ணு வலது, ஒண்ணு இடது, ரெண்டும் ஒரே கம்பியில. இது நட்டா, தேர்தல் கூட்டணியாடா?

(நட்டு இறங்குகிறது. நாப் அசையவில்லை.)

மாமா: வைஸ் கிரிப் குறடை எடு. ஒரே கடி.

குமார்: வேணாம் மாமா, அறுபது வருஷத்து பிளாஸ்டிக். கடிச்சா கடலை மிட்டாய் மாதிரி உடையும். பழைய சைக்கிள் டியூபைச் சுத்திப் பிடிங்க.

மாமா: ...ம்ஹூம்.

குமார்: அப்ப வெந்நீர்தான். துணியை நனைச்சுச் சுத்தினா பசை இளகிடும்.

மாமா: பசையா?

குமார்: இல்ல... இருந்தாலும் இருக்கும்னு சொன்னேன்.

(மூன்றாவது சுற்றுத் துணிக்கு 'கிர்ர்ர்' என்று நாப் கழல்கிறது.)

மாமா: வந்துடுச்சுடா! அட, மரை பூரா மஞ்சளா என்னமோ காய்ஞ்சு கிடக்கு. எந்தப் படுபாவி ஒட்டினானோ, கையில மட்டும் கிடைச்சான்னா...

குமார்: ரெண்டு பசை டியூபையும் பாதிப் பாதி கலக்கணும்னு அட்டைப் பெட்டியில போட்டிருந்துச்சு மாமா.

மாமா: எந்தப் பெட்டியில?

குமார்: உங்க கல்யாணத்துக்கு இதுலதானே மாப்பிள்ளை அழைப்பு? எனக்கு எட்டு வயசு. சும்மா உட்கார்ந்து திருகினேன், கையோட வந்துடுச்சு. பயந்துட்டேன்.

மாமா: நீயா?

குமார்: அப்புறம் ஒரு நாளாவது லூசாச்சா, சொல்லுங்க!

மாமா: குமாரு, அந்த வெந்நீர் மிச்சம் இருக்கா?

குமார்: ஆறிடுச்சு மாமா.

மாமா: போய்க் கொதிக்க வச்சு எடுத்துட்டு வா.