ஹொக்கிக்காரர் உழைக்கிறதுக்கு எங்களுக்கு ஏன் வயிறு எரியுது?

ரொறன்ரோவின் ஹொக்கி அணி மேப்பிள் லீஃப்ஸ் தோற்று வெளியேறும் ஒவ்வொரு வசந்தகாலத்திலும் அதே பதிவு ஏதாவதொரு வட்சப் குழுவில் சுற்றத் தொடங்கிவிடும். லீஃப்ஸின் நட்சத்திரம் மத்தியூசின் படம், பக்கத்தில் ஒரு நேர்ஸின் படம், கீழே இரண்டு பேரின் சம்பளம். உடனே எங்கட ஆட்கள் வந்து "அநியாயம்", "காசு கூடினால் இப்படித்தான்", "ஒரு ரப்பர் துண்டைத் தடியால தட்டுறதுக்கு இவ்வளவோ" என்று வரிசையாக எழுதுவார்கள். (ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு: இது புல்தரை ஹொக்கி இல்லை, பனித்தரை ஹொக்கி, வட அமெரிக்காவின் என்எச்எல். இங்கே ஹொக்கி என்றால் இது மட்டும்தான்.)

சரி, கணக்கை நானே சொல்கிறேன். ஓஸ்டன் மத்தியூஸ் 2023 ஓகஸ்டில் போட்ட ஒப்பந்தம் நான்கு வருடத்துக்கு 53 மில்லியன், அதுவும் அமெரிக்க டொலர். வருடத்துக்குச் சராசரி 13.25 மில்லியன். 82 ஆட்டத்தால் பிரித்தால் ஓர் ஆட்டத்துக்கு 161,000 டொலருக்கும் கொஞ்சம் கூட. மினசோட்டாவின் கிரில் கப்ரிசோவ் 2025 செப்டெம்பரில் எட்டு வருடத்துக்கு 136 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார், லீக்கில் அதுவரை யாரும் அவ்வளவு வாங்கியதில்லை. 2025-26 பருவத்தில் ஆகக் குறைந்த சம்பளமே 775,000. வாயைப் பிளக்க வைக்கிற தொகைதான். ஆனாலும் அந்தக் காசு அவர்களுக்குச் சேரவேண்டியதுதான் என்பது என் கட்சி. யாருக்கு எரிச்சலோ அவர்கள் கீழே வந்து அடிபடலாம், ஆனால் முழுக்க வாசித்துவிட்டு அடிபடுங்கோ.

முதலில் இந்தக் காசு எங்கேயிருந்து வருகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் கோபப்படுகிற ஆட்களில் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை. 2004-05 இல் அணிகளின் முதலாளிமார் வீரர்களை விளையாட விடாமல் கதவைப் பூட்டினார்கள், ஒரு முழுப் பருவமும் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை, லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அந்தச் சண்டையின் முடிவில் வீரர்கள் இருந்த ஒப்பந்தங்களில் 24 வீதத்தை விட்டுக்கொடுத்தார்கள், அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பும் வந்தது, ஓர் அணி தன் வீரர்கள் எல்லாருக்கும் சேர்த்து அதற்கு மேல் கொடுக்க முடியாது. முதல் வருடம் 39 மில்லியன், 2025-26 இல் 95.5 மில்லியன். 2012-13 இல் இன்னொரு பூட்டு. அதற்குப் பிறகு ஹொக்கியால் வருகிற வருமானத்தில் வீரர்களுக்குப் பாதி, முதலாளிமாருக்குப் பாதி. பாதிக்கு மேல் போய்விடக்கூடாது என்று சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, வருடக் கடைசியில் கணக்குப் பார்த்துத்தான் மிச்சத்தைக் கொடுப்பார்கள்.

இதன் அர்த்தம் விளங்குதா? மத்தியூஸ் நாளைக்கு மனம் மாறி, எனக்கு 13 வேண்டாம், 3 போதும் என்றால் அந்தப் பத்து மில்லியன் நேர்ஸுக்குப் போகாது. ரிக்கெற் விலையும் ஒரு சதம் குறையாது, ஏனென்றால் லீஃப்ஸின் அரங்கான ஸ்கொற்றியாபாங்க் அரீனாவில் விலையைத் தீர்மானிப்பது சம்பளம் இல்லை, எவ்வளவு சொன்னாலும் வாங்குவதற்கு ஆள் நிற்கிறதுதான். வீரர்களின் பாதி ஏற்கெனவே குறித்தாகிவிட்டதால் அவர் விடுகிற காசு சுற்றிச் சுழன்று மற்ற வீரர்களின் பைக்குத்தான் போகும். ஒரு நட்சத்திரத்தின் சம்பளம் அவனோடு உடுப்பு மாற்றும் அறையில் இருக்கிறவனின் பங்கில் இருந்து வருகிறது.

அந்த வகையில் லீஃப்ஸ் ரசிகனாக எனக்கும் ஒரு கோபம் இருக்கிறது, ஒளிக்கவில்லை. 2024-25 இல் மத்தியூஸ் 13.25, நைலாண்டர் 11.5, டவாரெஸ் 11, மார்னர் 10.9. நாலு பேரையும் கூட்டினால் 46 மில்லியனுக்கு மேல், உச்சவரம்பு 88. பாதிக்கு மேல் நாலு பேருக்கு! மிச்சக் காசில் கோல் காப்பவரில் இருந்து கடைசி வரிசை ஆட்டக்காரர் வரைக்கும் பிடித்து நிரப்பவேண்டும். 2025 மே 18, தொடரைத் தீர்மானிக்கிற ஏழாவது ஆட்டம், சொந்த அரங்கில், புளோரிடாவிடம் 6-1. ஆட்கள் போட்டிருந்த ஜேர்சியைக் கழற்றிப் பனியில் எறிந்தார்கள். 1967க்குப் பிறகு கிண்ணம் வராத நகரத்தில் அந்தக் கோபம் நியாயம். ஆனால் அது அணியை நடத்துகிறவர் காசைப் பங்கிட்ட விதத்தில் வருகிற கோபம், அதைத் தூக்கிக்கொண்டு வந்து 'விளையாட்டுக்காரனுக்கு எதுக்கு இவ்வளவு காசு' என்று கேட்பது வேறு கதை. கொனர் மக்டேவிட்டைப் பாருங்கோ. 2025 ஒக்டோபரில் எட்மன்டனோடு இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்தார், அதே பழைய 12.5 மில்லியனுக்கு. உலகத்திலேயே ஆகத் திறமான ஆள், விதிப்படி உச்சவரம்பின் 20 வீதம் வரை கேட்கலாம், அதாவது 19 மில்லியன். கேட்கவில்லை. அவர் விட்ட காசில் இன்னொரு நல்ல ஆட்டக்காரனை வைத்திருக்கலாம் என்ற கணக்குத்தான்.

இனி, முன்பு எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்ப்போம், இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். கோர்டி ஹோ, டிட்ராயிட் ரெட் விங்ஸ். ஹொக்கியில் அவருக்குப் பட்டமே 'மிஸ்டர் ஹொக்கி'. பெடியனாக முதல் ஒப்பந்தம் போடும்போது சம்பளத்துக்கு மேலதிகமாக அவர் கேட்டது ஒரு ரெட் விங்ஸ் ஜாக்கெட். அதைக்கூடக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள், அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமுதல் கேட்டு வாங்கினார். அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் அந்த அணிக்கு விளையாடினார். அணியில் ஆகக் கூடிய சம்பளம் உனக்குத்தான் என்று முதலாளிமார் சொன்னதை நம்பிக்கொண்டே. 1968 இல் பொபி போன் டிட்ராயிட்டுக்கு மாறி வந்தார். போன் யாரென்றால் 1964 இறுதிப் போட்டியில் கால் முறிந்தபிறகு திரும்ப வந்து, மேலதிக நேரத்தில் லீஃப்ஸுக்கு வெற்றிக் கோல் போட்ட அதே மனிதர். அவர்தான் ஹோவுக்குச் சொன்னார், நான் உன்னைவிடக் கூட வாங்குகிறேன் என்று. விசாரித்துப் பார்த்தால் இன்னொருவரும் ஹோவைவிடக் கூட. ஹோ போய்க் கேட்டார், முதலாளி புரூஸ் நொரிஸ் பெரிய வாக்குவாதம் இல்லாமலே 100,000 டொலர் ஆக்கிவிட்டார். கேட்டவுடன் கொடுக்க முடிந்த காசு, அத்தனை வருடமும் எங்கே கிடந்தது?

கேட்டால் என்ன நடக்கும் என்றும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதே அணியில் ஹோவோடு விளையாடிய டெட் லிண்ட்சே 1957 இல் வீரர்களுக்குச் சங்கம் கட்டப்போனார். அந்தப் பருவத்தில் அவர் எடுத்தது, போட்ட கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து, 85 புள்ளி, அவரின் வாழ்க்கையிலேயே சிறந்த பருவம். டிட்ராயிட் அவரைச் சிக்காகோவுக்குத் தள்ளிவிட்டது, அப்போது கடைசி இடத்தில் கிடந்த அணி. சங்கம் அமுங்கிப்போனது, நிலைத்து நிற்கிற சங்கம் வர 1967 ஆனது. அந்தச் சங்கத்தை நடத்திய அலன் ஈகிள்சன் பிறகு வீரர்களையே ஏமாற்றி, 1998 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனது இன்னொரு கேவலம், அதைத் தனியாக எழுதவேண்டும். இந்தச் சம்பளமெல்லாம் யாரோ பெரிய மனதோடு அள்ளிக் கொடுத்தது என்று நினைக்கிற ஆட்கள் லிண்ட்சேயை ஒருக்கால் தேடிப் படியுங்கோ. சங்கம் வைத்திருக்கிற பக்ரறியில் வேலை செய்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

"சும்மா தடியால தட்டுறது" என்ற கதைக்கு வருவோம். 2013 ஜூன், போஸ்டனும் பிட்ஸ்பேர்க்கும். போஸ்டனில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்க, ஐந்து பேருக்குப் பதிலாக நாலு பேரோடு தடுத்து விளையாடுகிறார்கள். பிட்ஸ்பேர்க்கின் மல்கின் ஓங்கி அடிக்கிறார். கிரெகரி காம்பெல், நாலாவது வரிசை ஆள், அதாவது நட்சத்திரம் இல்லை, பந்துக்குக் குறுக்கே விழுகிறார். பந்து என்கிறேன், அது பந்தும் இல்லை, உறையவைத்த கட்டி ரப்பர், ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீற்றருக்கு மேல் வரும். காலில் பட்டு எலும்பு முறிந்துவிட்டது. எழும்புகிறார், ஒற்றைக் காலில். வெளியே போக முடியாது, இவர் போனால் மூன்று பேர்தான் மிச்சம். முக்கால் நிமிடத்துக்கு மேல் அந்தக் காலை இழுத்துக்கொண்டு, தடியை நீட்டி மறித்துக்கொண்டு நிற்கிறார். ரப்பர் வெளியே போனபிறகுதான் நொண்டி நொண்டி வாங்குக்குப் போகிறார், அரங்கமே அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. அந்த வருடம் அவர் திரும்ப விளையாடவில்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: அது பிளேஓவ் ஆட்டம், அதாவது வழக்கமான பருவம் முடிந்தபிறகு கிண்ணத்துக்காக நடக்கிற ஆட்டம். என்எச்எல்லில் சம்பளம் வழக்கமான பருவத்துக்குத்தான். பிளேஓவுக்குச் சம்பளம் இல்லை, லீக் ஒரு தொகையை ஒதுக்கி அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும், பெரிய ஆட்களின் சம்பளத்தோடு பார்த்தால் அது சில்லறை. காம்பெல் கால் முறிந்து நின்றது சம்பளம் இல்லாத ஆட்டத்தில்.

எல்லாரும் கை கால் முறிவோடு தப்புவதும் இல்லை. டெரெக் பூகார்ட் நியூயோர்க் ரேஞ்சர்ஸோடு நாலு வருடத்துக்கு 6.5 மில்லியனுக்கு ஒப்பந்தம் போட்டவர். வேலை: அடிபடுவது. கோல் போட அவரை யாரும் எடுக்கவில்லை, எதிரணியின் முரடனோடு கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குத்துப்பட எடுத்தார்கள். 2011 மே மாதம், 28 வயதில், வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்து செத்துப்போனார். மூளையைப் பரிசோதித்தபோது, திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டால் வருகிற சி.ரி.ஈ (CTE) என்ற மூளைச் சிதைவு இருந்தது. முன்னாள் வீரர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் தலைக்காயங்களுக்காக லீக்கின் மேல் வழக்குப் போட்டு 2018 இல் சமரசத்துக்கு வந்தபோது மொத்தத் தொகை 18.9 மில்லியன், பங்கெடுத்த ஒருவருக்குக் கையில் 22,000 டொலர். பொறுப்பை லீக் ஏற்கவில்லை. இந்த 22,000 எந்த வட்சப் படத்திலும் வராது.

இப்போது அந்த நேர்ஸ். என் வீட்டிலும் இருக்கிறார்கள், அதனால் இதை லேசாகச் சொல்லவில்லை. ஒன்ராறியோவில் நேர்ஸின் சம்பளத்தை அமுக்கியது மத்தியூஸா? 2019 இல் மாகாண அரசு 124ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்து பொதுத்துறை ஆட்களின் சம்பள உயர்வை மூன்று வருடத்துக்கு ஆண்டுக்கு ஒரு வீதம் என்று கட்டிப்போட்டது. நடுவில் கொரோனா வந்து, சனம் பல்கனியில் நின்று நேர்ஸ்மாருக்குச் சட்டி தட்டியபோதும் அந்த ஒரு வீதம்தான். 2022 இல் நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2024 இல் மேன்முறையீட்டிலும் அரசு தோற்றது. அதே அரசுதான் 2018 இல், ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில் விளையாடுகிற 16 இலிருந்து 20 வயதுப் பிள்ளைகளுக்கு ஆகக் குறைந்த சம்பளச் சட்டம் பொருந்தாது என்று விலக்குக் கொடுத்தது. அந்த ஆட்டங்களுக்கு ரிக்கெற் விற்கிறார்கள், பியர் விற்கிறார்கள், முதுகில் விளம்பரம் போடுகிறார்கள். பெடியனுக்குக் கைச்செலவுக் காசும் பிறகு படிக்க உதவித்தொகையும். பெரும்பாலானவர்கள் என்எச்எல் பக்கமே போகமாட்டார்கள். 'ஹொக்கிக்காரரின் சம்பளம்' என்று கதைக்கவேண்டுமென்றால் அங்கேயிருந்து தொடங்கலாமே.

இல்லாவிட்டால் மற்றப் பாதியை எடுத்துக்கொண்டவர்களைப் பாருங்கோ. லீஃப்ஸை வைத்திருக்கிற கொம்பனியில் 37.5 வீதப் பங்கை வாங்க 2024 இல் ரொஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனம் பேசிய விலை 4.7 பில்லியன் கனேடிய டொலர். கப்ரிசோவின் எட்டு வருடமும் அதற்குப் பக்கத்தில் கிட்டவும் வராது. லாஸ் வேகாஸ் அணி லீக்கில் சேர 500 மில்லியன் கட்டியது, சியாட்டில் 650 மில்லியன். அவை வீரர்களோடு பாதிக்குப் பாதி பிரிக்கிற வருமானத்தில் சேராது, அப்படியே முதலாளிமாரின் பை. கல்கரியில் கட்டுகிற புது அரங்குக்கு 2023 ஒப்பந்தப்படி மாநகரம் 500 மில்லியனுக்கு மேல், மாகாணம் 330 மில்லியன் வரை. அது வரிக்காசு, அங்கத்தைய நேர்ஸ் கட்டிய வரியும் அதில் இருக்கிறது. அதற்கு யாரும் படம் போட்டு அனுப்பவில்லை. முதலாளியின் முகம் எங்களுக்குத் தெரியாது, கோல் போடுகிறவனின் முகம் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு பகிடி: 2025 ஏப்ரலில் ரொறன்ரோவின் பேஸ்போல் அணி புளூ ஜேய்ஸ் விளாடிமிர் குரேரோ ஜூனியருக்கு 14 வருடத்துக்கு 500 மில்லியன் கொடுத்தபோது இதே குழுவில் எல்லாரும் கைதட்டல் படம் போட்டார்கள். அவர் வெல்லுவார் என்ற நம்பிக்கையில். மத்தியூஸ் கிண்ணத்தைத் தூக்கினால் 13 மில்லியன் காணாது என்பார்கள் இதே ஆட்கள்.

ஒரு விசயத்தில் உங்களோடு நிற்கிறேன், வரி. ஒன்ராறியோவில் மேல்தட்டு வருமானத்துக்கு வரி 53.53 வீதம், ஆகவே இந்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அரசுக்குத்தான் வரவேண்டும். ஆனால் டவாரெஸ் 2018 இல் வந்தபோது வாங்கிய 15.25 மில்லியன் கையெழுத்து ஊக்கத்தொகைக்கு, அமெரிக்காவோடு இருக்கிற வரி ஒப்பந்தத்தைக் காட்டி 15 வீதம் மட்டும் கட்டினார். வரித் திணைக்களம் அது சம்பளம், முழு வரியும் கட்டு என்கிறது, வழக்கு நீதிமன்றம் வரை போனது. நான் திணைக்களத்தின் பக்கம். உழைக்கிறதை உழைக்கட்டும், எங்களைப்போல வரியைக் கட்டட்டும்.

பெண்களின் லீக் பற்றியும் ஒரு வரி. 2024 ஜனவரி முதலாம் திகதி ரொறன்ரோவில் முதல் ஆட்டத்தோடு தொடங்கிய பிடபிள்யூஎச்எல்லில் முதல் பருவத்துக்கு ஆகக் குறைந்த சம்பளம் 35,000 டொலர். ஒலிம்பிக் பதக்கம் வைத்திருக்கிற ஆட்கள் விளையாடுகிற லீக் அது. 'தகுதிக்கு ஏற்ற சம்பளம் இல்லை' என்று கத்த ஆசையாக இருந்தால் அங்கே போய்க் கத்துங்கோ, கூடவே ரிக்கெற்றும் வாங்குங்கோ.

மக்டேவிட்டின் ஒப்பந்தம் 2028 கோடையில் முடிகிறது. 2027-28 உச்சவரம்பு 113.5 மில்லியன் என்று அறிவித்திருக்கிறார்கள், அதில் 20 வீதம் 22 மில்லியனைத் தாண்டும். ஆள் ரிச்மண்ட் ஹில்லில் பிறந்து நியூமார்க்கெட்டில் லீஃப்ஸ் ரசிகனாக வளர்ந்த பெடியன். ரொறன்ரோவுக்கு வருகிறேன், ஆனால் அந்த 22ஐயும் தாருங்கோ என்று கேட்டால், மேலே நான் எழுதிய பங்கீட்டுக் கோபத்தையெல்லாம் மடித்து வைத்துவிட்டு, கொடுங்கோ என்றுதான் சொல்லுவேன்.