கிளினிக் கொப்பியில் இருந்த ஒரு வரி

போன மாதம் அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். பிரஷர், சீனி வியாதி இரண்டும் இருக்கிறது. டொக்டர் சின்ன வயசு, நல்ல பிள்ளை, தமிழும் பேசுவார். கொப்பியைப் புரட்டிவிட்டு, "அம்மா, எக்சசைஸ் ஏதும் செய்றீங்களா? ஒரு நாளைக்கு அரை மணித்தியாலமாவது நடக்கணும்" என்றார். அதையே கொப்பியிலும் எழுதிவிட்டார்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்தில் 38 வருஷம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய மனுஷி. மருந்து எடுக்கிற வரிசைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்: "அந்தப் புள்ளைக்கு பத்தாம் நம்பர் மலைய ஒருக்கா காட்டணும்டி."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் வீடு வரும்வரை அதே யோசனைதான். மலை ஏறுவது உடம்புக்கு நல்லது என்றால் அம்மாவுக்கு ஏன் பிரஷர்? முழங்கால் ஏன் இப்படி? அம்மாவோடு ஒரே நிரையில் நின்ற பெண்கள் ஏன் இப்போது அதே மருந்து வரிசையில் நிற்கிறார்கள்?

எங்கள் பக்கம் இதற்கெல்லாம் ஒரு தயார் பதில் உண்டு. "தோட்டத்து ஆளுக்கு எதுக்குங்க எக்சசைஸ்? ரோட்டுக்கு வரணும்னாலே முந்நூறு படி." டவுனில் கடை வைத்திருக்கும் மாமா, என்னோடு படிப்பிக்கிற டீச்சர்மார், ஆட்டோ ஓட்டுகிற என் தம்பி என்று எல்லாரும் இதைச் சொல்லித்தான் தப்பிக்கிறோம். தம்பி அந்த முந்நூறு படியை மிதித்து ஐந்து வருஷமாகிறது, அது வேறு கதை.

நான் டொக்டர் இல்லை, ஸ்கூலில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். தேடி வாசித்து எனக்கு விளங்கிய வரையில் சொல்கிறேன். நாம் நேரத்தையும் தூரத்தையும் எண்ணுகிறோம். உடம்பு வேறு கணக்கு வைத்திருக்கிறது: எவ்வளவு மூச்சு வாங்கியது, எவ்வளவு நேரம் வாங்கியது, அதற்குப் பிறகு உட்கார விட்டார்களா இல்லையா.

கொழுந்தெடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கினால் ஒரு கால் மேட்டில் இருக்கும், ஒரு கால் பள்ளத்தில். இரண்டு கையும் நிற்காது. கழுத்து முன்னுக்குத் தள்ளி, கூடையின் பாரத்தைப் பிடித்தபடியே இருக்கும். மழை வந்தால் பாரம் இன்னும் கூடும். நிறுவைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் உண்மையில் மூச்சு வாங்கும். மற்ற நேரமெல்லாம் அது இடுப்பு ஒடிகிற வேலை, மூச்சு வாங்குகிற வேலை இல்லை. கொஞ்சம் உட்காரலாம் என்றால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்.

அந்த எட்டு மணித்தியாலத்தில் இதயம் நல்ல உச்சத்துக்குப் போவதும் இல்லை, முழுதாக இறங்குவதும் இல்லை. இதயம் பலப்படுவதற்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. கொஞ்ச நேரம் நன்றாக ஏற வேண்டும். கால் தசைகள் பிழிந்து அனுப்புகிற இரத்தம் இதயத்தின் இடது அறையை நிரப்பி விரிக்க வேண்டும். பிறகு விட வேண்டும். இப்படிச் சில வாரம் செய்தால் ஒரே துடிப்பில் கூடுதலான இரத்தம் வெளியே போகத் தொடங்கும், சும்மா இருக்கும்போது துடிப்பு குறையும். பலம் ஏறுவது ஓய்வில்தான். கழுத்தும் தோளும் இறுகிய நிலையில் நாள் முழுக்கப் பாரம் தாங்கினாலோ பிரஷர்தான் ஏறும்.

இதற்கு ஆய்வுலகில் பெயரே இருக்கிறது, உடலுழைப்பு முரண் என்கிறார்கள். டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மான் போன்றவர்கள் வருஷக்கணக்காக இதைப் பேசுகிறார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கணக்கொன்றில், உடம்பை முறிக்கிற வேலை செய்த ஆண்களுக்கு, உடலுழைப்புக் குறைந்த வேலை செய்தவர்களைவிட முன்கூட்டியே சாகிற அபாயம் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. பெண்களில் அது தெளிவாகத் தெரியவில்லை. வேலையா வறுமையா, எது கொல்கிறது என்று சண்டை பிடிக்கிற ஆய்வாளர்களும் உண்டு. லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவளுக்கு அந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று தெரியவில்லை.

வேலையே உடம்புக்கு ஆகாது என்றும் சொல்லவில்லை. லண்டனில் ஜெரமி மொரிஸ் என்ற மருத்துவர் 1953இல் பஸ்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு பிரபலமானது. உட்கார்ந்தே இருந்த டிரைவர்களைவிட, இரண்டு தட்டு பஸ்ஸில் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய கண்டக்டர்மாருக்கு மாரடைப்புக் குறைவு. கொஞ்சம் ஏறு, நில், டிக்கெட் கொடு, இறங்கு. ஏற்றமும் இருந்தது, நிற்கிற நேரமும் இருந்தது. (நம்ம ஹட்டன் லைன் கண்டக்டர் தம்பிமார் படி ஏறுவதில்லை, படியில் தொங்குகிறார்கள். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பதோ!) அதே மொரிஸ் 1973இல் மேசை வேலை செய்கிற அரசாங்க உத்தியோகத்தரைப் பார்த்தபோது, ஓய்வு நேரத்தில் மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பை அசைத்தவர்களுக்குத்தான் இதயத்துக்கு நல்ல பாதுகாப்புத் தெரிந்தது.

சரி, மூச்சு வாங்குவதை எப்படி அளப்பது? இதற்கு வாட்ச் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது நடுத்தர வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் அது கடும் வேகம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தரம், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் வேகம். கடும் வேகத்தில் ஒரு நிமிடம் போனால் நடுத்தரத்தில் இரண்டு நிமிடம் போன மாதிரி. கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய விதியையும் அதோடு தூக்கிவிட்டார்கள். சனங்களுக்கு அதை யாரும் சரியாகச் சொல்லவில்லை என்பது என் குறை.

அம்மாவிடம் இந்தப் பேச்சுக் கணக்கு அழகாக வேலை செய்கிறது. சமதரையில் நடந்தால் பக்கத்து லயத்துக் கதை முழுக்க வரும். கோயிலடி ஏற்றத்தில் கதை பாதியில் நிற்கும். "இருடி, மேல போய்ச் சொல்றேன்" என்றால் நாங்கள் கடும் வேகத்துக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். அங்கே வேகத்தைக் குறைப்பேன்.

தம்பி பாசமாக அம்மாவுக்குக் கையில் கட்டுகிற வாட்ச் ஒன்று வாங்கிக் கொடுத்தான். 220இலிருந்து வயதைக் கழித்து வருவதுதான் இதயத்தின் உச்சத் துடிப்பு என்று எங்கும் சொல்கிறார்கள். அம்மாவுக்கு 66, அப்படியானால் 154. ஆனால் அந்தச் சூத்திரம் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடக் குறைய வரும். அம்மா போடுகிற அட்டெனோலோல் குளிசை வேறு துடிப்பைக் கட்டுப்படுத்திவிடும். வாட்ச் 98 என்று காட்டியபோது அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இந்த மாதிரிக் குளிசை போடுகிறவர்கள் வாட்சை நம்பினால் இப்படித்தான். இப்போது அது தம்பி மகன் கையில் இருக்கிறது.

என் கதையும் இருக்கிறது, மறைப்பானேன். இரண்டு வருஷத்துக்கு முன் எடை கூடிய பயத்தில் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். நாலு நிமிடம் செய்தால் ஒரு மணித்தியாலம் ஓடிய பலன், தபாட்டா என்று போட்டிருந்தார்கள். இருபது செக்கன் குதி, பத்து செக்கன் நில். மூன்றாம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது. நான் குதித்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா "என்னா டீச்சர், வீட்டுல சண்டையா?" என்று கதவைத் தட்டியது இன்னொரு பரிசு. பிறகுதான் வாசித்தேன். ஜப்பானின் இசுமி தபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்வில் விளையாட்டுப் பயிற்சி உள்ள இளைஞர்கள் சைக்கிள் மிதித்தார்கள். உடம்பு உச்சமாக ஒட்சிசன் எடுக்கிற அளவையும் தாண்டி, அதன் 170 சதவீதப் பாரத்தில், ஏழெட்டுச் சுற்றில் மிதிக்க முடியாமல் விழுகிற அளவுக்கு. 42 வயதில், ஹோலில் பாய் விரித்துக் குதித்த நான் செய்தது அது இல்லவே இல்லை. கடுமை நல்லது என்றவுடன் அடி மட்டத்திலிருந்து உச்சிக்கு ஒரே தாவலில் போகிற புத்தி நமக்கு இருக்கிறது.

சிவனொளிபாத மலை யாத்திரை சீசனில் இதை வருஷா வருஷம் பார்க்கிறோம். வருஷம் முழுக்கக் கதிரையில் இருந்துவிட்டு, ஒரே இரவில் நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படி. அமெரிக்காவில் 1993இல் வந்த ஓர் ஆய்வு கண்ணில் நிற்கிறது. கடும் உழைப்பின்போதும் அதற்கு அடுத்த ஒரு மணித்தியாலத்திலும் மாரடைப்பு வருகிற வாய்ப்பு, வழக்கமாக அசையாதவர்களுக்குத் தங்கள் சாதாரண நேரத்தைவிட 107 மடங்கு. வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ செய்கிறவர்களுக்கு 2.4 மடங்குதான். ஒரு மணித்தியாலத்துக்கான மொத்த அபாயம் சின்னதுதான், மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. டிசம்பரில் ஏறப் போகிறவர் ஒக்டோபரில் வீட்டுப் படியில் தொடங்கட்டும். நெஞ்சு இறுக்கினால், தாடை வலித்தால் "அம்மன் பார்த்துக்குவா" என்று மேலே ஏறாமல் உட்காரட்டும்.

நமக்கு உள்ள வசதி கொழும்பு ஆளுக்கு இல்லை. வாசலிலேயே ஏற்றம். அங்கே ஒருத்தர் டிரெட்மில்லுக்குக் காசு கட்டி ஏற்றம் வாங்குகிறார். 2022இல் பிரித்தானியாவில் உடற்பயிற்சியே செய்யாத சுமார் 25,000 பேரின் கையில் கட்டிய கருவிப் பதிவுகளைப் பார்த்தார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, படியில் விறுவிறு என்று ஏறுவது மாதிரி ஒன்றிரண்டு நிமிட மூச்சுவாங்கல் ஒரு நாளைக்கு மூன்று தடவை இருந்தவர்களில், அதுவும் இல்லாதவர்களைவிட இறப்பு 40 சதவீதத்துக்குக் கிட்டக் குறைவு. ஏற்கெனவே சுகமானவர்கள்தான் ஓடுவார்கள் என்று மறுக்கலாம், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மூன்று தடவை என்பது எங்கள் லயத்திலிருந்து கடைக்குப் போய் வருகிற கணக்கு.

இறக்கத்தையும் லேசாக நினைக்க வேண்டாம். ஆஸ்திரிய மலையில் நடந்த ஓர் ஆய்வில் ஆட்களை ஒரு காலம் நடந்து ஏறவிட்டுக் கேபிள் காரில் இறக்கினார்கள், இன்னொரு காலம் கேபிள் காரில் ஏற்றி நடந்து இறங்கவிட்டார்கள். ஏறியபோது இரத்தத்தில் கொழுப்பு வகை ஒன்று குறைந்தது. இறங்கியபோது சீனியைச் சமாளிக்கிற திறன் கூடியது. மூச்சு வாங்காத இறக்கத்தில் தொடைத் தசை பிரேக் பிடித்துக்கொண்டே போகிறது, அதுவும் வேலைதான். அம்மாவின் முழங்காலுக்கு இறக்கம் ஆகாது என்பதால் அவருக்கு ஏற்றம் மட்டும், திரும்பி வர ரோட்டைச் சுற்றித் தம்பியின் ஆட்டோ. எங்கள் வீட்டுக் கேபிள் கார்.

எனக்கு இப்போதைய கணக்கு இதுதான். நாலு நாள் பேசிக்கொண்டு நடை. ஒரு நாள் பங்களா ரோட்டு ஏற்றத்தில் நாலு தடவை, ஒவ்வொன்றும் மூன்று நாலு நிமிடம், பேச்சு வராத வேகத்தில், நடுவில் இறங்கி வருகிற நேரம் ஓய்வு. தொடங்கிய மாதம் ஒரு தடவைக்கே நுரை தள்ளியது. ஆனால் டிரக் சூட் போட்டுக்கொண்டு ஒரு பொம்பிளை ஓடினால் தோட்டம் சும்மா இருக்குமா? "டீச்சரை யாரு தொரத்துறா?" என்று கவ்வாத்துக்கு, தேயிலைச் செடி வெட்டப் போகிற அண்ணன்மார் கேட்கிறார்கள். சிறுத்தை நடமாட்டத்தால் விடியும் முன்னே போக முடியாது, விடிந்த பிறகு நேரம் இல்லை. இன்னும் கொழுந்தெடுக்கப் போகிற பெண்ணுக்கு எக்சசைஸ் செய்யச் சொல்வது அநியாயம். அவருக்கு முதலில் வேலைக்கு நடுவே உட்காருகிற பதினைந்து நிமிடம் வேண்டும், பேர் குறையாமல். அதைக் கொப்பியில் எழுத எந்த டொக்டராலும் முடியாது.

நாளைக்கு ஞாயிறு. மழை விட்டிருந்தால் ஆறரைக்குப் பங்களா ரோட்டில் இருப்பேன். கீழ் டிவிசன்காரர்களே, தயவுசெய்து நாய்களைக் கட்டிப் போடுங்கள். நான் ஓடுகிற வேகத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்.