டவுட் என்றால் சந்தேகம்தானே?

அகராதியைப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் தமிழில் 'சந்தேகம்' மூன்று வேலை பார்க்கிறது. 'டவுட்' அதில் ஒன்றைத்தான் பார்க்கும். மற்ற இரண்டையும் அதன் தலையில் கட்டும்போதுதான் வம்பு.

புரியாததைக் கேட்பதும் நமக்குச் சந்தேகம்தான். அதனால் பேசி முடித்தவரிடம் "ஐ ஹேவ் எ டவுட்" என்று கையைத் தூக்குகிறோம். இந்திய ஆங்கிலத்தில் இது செல்லும். பிரிட்டிஷ்காரர் காதிலோ "நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை" என்பதுபோல் விழும். அங்கே வேண்டியது 'கொஸ்டின்'. நன்னூல் இதை எப்போதோ பிரித்து வைத்துவிட்டது: தெரியாததைக் கேட்டால் அறியா வினா, பாம்போ கயிறோ என்று நடுவில் நின்றால் ஐய வினா. டவுட் இரண்டாவதற்கு மட்டும்.

உண்மையான ஆபத்து வினைச்சொல்லில் இருக்கிறது. "அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகப்படறேன்" என்பதை "ஐ டவுட் ஹி டுக் இட்" என்று எழுதிப் பாருங்கள். அர்த்தம் நேர் எதிர்: "அவன் எடுத்திருக்க மாட்டான்." புகார் கொடுக்கப் போய் நற்சான்றிதழ் கொடுத்த கதை! இங்கே 'சஸ்பெக்ட்' போட வேண்டும். மனசு 'ஆமாம்' பக்கம் சாய்ந்தால் சஸ்பெக்ட், 'இருக்காது' பக்கம் சாய்ந்தால் டவுட். எழுதுமுன் இதை ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும். (ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்கில் "ஐ டவுட் இட்ல் ரெயின்" என்றால் மழை வரும்போலிருக்கிறது என்று பொருள். நமக்கும் துணைக்கு ஆள் இருக்கிறது.)

'சந்தேகத்தின் பலன்' என்று தீர்ப்புச் செய்திகளில் வருவதும் இந்தக் குழப்பத்தில் மாட்டுகிறது. போலீசுக்கு வருவது சஸ்பிஷன், அதாவது இவன் செய்திருப்பான் என்பது. நீதிபதிக்கு வருவது டவுட், நிஜமாகவே இவன்தான் செய்தானா என்பது. முன்னது ஆளைப் பிடிக்கிறது, பின்னது விடுவிக்கிறது. தமிழில் இரண்டும் ஒரே சொல்.

'நோ டவுட்' பார்க்க உறுதியாகத் தெரியும், நம்பிவிடாதீர்கள். "ஹி வில் நோ டவுட் கம்" என்றால் "அநேகமாக வந்துவிடுவார்" அளவுக்குத்தான். சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்ல வேண்டுமானால் 'வித்தவுட் எ டவுட்'.

"ஐ ஆம் டவுட்டிங்" பொதுவாக வேண்டாம், "ஐ டவுட்" போதும்.

எழுத்தில் இருக்கும் 'பி' வாயில் வரக்கூடாது. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த எழுத்தே கிடையாது. மூலம் லத்தீனின் 'துபிதாரே' என்று காட்டப் படித்தவர்கள் பிற்பாடு செருகியது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான்.