அந்த ஊழியக்காரர் நம்பரை நான் கொடுக்கவில்லை

போன ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். சபையில் ரொம்ப வருடப் பழக்கமுள்ள ஒரு அக்கா ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, விடுதலை ஜெபம் பண்ணுவாரே, அந்த ஊழியக்காரர் நம்பர் உங்ககிட்ட இருக்கா?" யாருக்கு என்று கேட்டேன். காலேஜ் படிக்கிற மகனுக்கு. தனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை, ஆண்கள்மேல்தான் என்று அவனே அம்மாவிடம் சொல்லிவிட்டான். "பிசாசோட வேலைதானே தம்பி?" என்றபோது அவர் கை நடுங்கியது. (அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நம்பர் என்னிடம் இருந்தது. கொடுக்கவில்லை. ஏன் என்று ஆலய வாசலில் நின்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

இருபது வருடத்துக்கு முன்னால், எங்கள் வாலிபர் கூட்டத்தில் பாட்டுப் பாடுகிற ஒருவனை இதே காரணத்துக்காக ஒரு ஜெப வீட்டுக்குக் கூட்டிப் போனோம். மூன்று நாள் உபவாசம். தலையில் ஊற்றிய எண்ணெய் காதுக்குப் பின்னால் வழிந்து சட்டைக் காலர் முழுக்க ஊறியிருந்தது. நான்கு பேர் அவன் தலையில் கை வைத்திருந்தோம். அதில் ஒரு கை என்னுடையது. ஊழியக்காரர் "வெளியே போ" என்று கத்திக்கொண்டிருந்தார். அவன் நிமிர்ந்து பார்த்து என்னிடம் தண்ணீர் கேட்டான். உபவாசம் முடியவில்லையே என்று நான் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் "விடுதலை கிடைத்துவிட்டது" என்றான். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னோம். அடுத்த மாதம் மேடையேறிச் சாட்சி சொன்னான். அந்த வருடமே கல்யாணம்.

கல்யாணம் இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. அந்தப் பெண்ணிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து அவளும் உபவாசம் இருந்தாளாம். இதைப் பிறகு கேள்விப்பட்ட நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கன்வெர்ஷன் தெரபி என்றால் கரண்ட் ஷாக்கும் மாத்திரையும்தான் என்று பலரும் நினைக்கிறோம். நம் வீடுகளில் அதன் கடைசிக் கட்டம் கல்யாணம். அங்கே இரண்டு பேர் பலியாகிறார்கள்.

(கன்வெர்ஷன் என்றதும் மதமாற்றத் தடைச் சட்டம் என்று நினைத்து நண்பர் ஒருவர் பதறினார். அது வேறு. இது ஒருவருடைய பாலீர்ப்பை மாற்றிக் காட்டுகிறேன் என்று செய்யும் முயற்சி.)

சட்டம் என்ன சொல்கிறது? மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உத்தரவு போட்டார். தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் 'குணப்படுத்தும்' முயற்சிகளுக்குத் தடை, மீறினால் உரிமம் ரத்து வரை நடவடிக்கை. தனக்கே இதில் தெளிவு போதவில்லை என்று ஒத்துக்கொண்டு, உளவியலாளரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு எழுதிய உத்தரவு அது. அந்த நேர்மை நம் போதகர்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது? அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையமும் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆகவே, மாற்றித் தருகிறேன் என்று ஒரு டாக்டர் சொன்னால் அவர்மேல் புகார் கொடுக்கலாம். ஊழியக்காரருக்கு ரத்து செய்ய என்ன உரிமம் இருக்கிறது?

இது சின்ன ஓட்டை இல்லை. 2018ல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட பெரிய கணக்கெடுப்பில், இந்தச் 'சிகிச்சை'க்கு ஆளானவர்களில் 51 சதவீதம் பேர் அதை நடத்தியது மத அமைப்புகள் என்று சொன்னார்கள். மருத்துவத் துறையினர் 19 சதவீதம்தான்.

சரி, 'நான் மாறிவிட்டேன்' என்ற அந்தச் சாட்சிகள்? 1976ல் அமெரிக்காவில் தொடங்கிய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல்தான் இந்த 'மாற்ற' ஊழியங்களுக்கெல்லாம் குடை அமைப்பாக இருந்தது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று 2012ல் ஒத்துக்கொண்டார். 2013ல் மன்னிப்புக் கேட்டு அமைப்பையே மூடினார்கள். மாற்றம் முடியும் என்று ஆய்வு வெளியிட்ட மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரும் 2012ல் மன்னிப்புக் கேட்டார். அவர் நம்பியிருந்தது, 'நான் மாறிவிட்டேன்' என்று ஆட்கள் சொன்ன வார்த்தையை மட்டும்தான். நாங்கள் அந்த மேடையில் நம்பியதும் அதைத்தான். பசியிலும் பயத்திலும் ஒருவன் வாயிலிருந்து பிடுங்கியதை நாங்கள் சாட்சி என்றோம். பத்துக் கட்டளையில் அதற்குப் பெயர் பொய்ச்சாட்சி. அதைச் சொன்ன பாவம் அவனுடையதல்ல, சொல்ல வைத்த எங்களுடையது.

"அப்போ பாவமில்லை என்கிறாயா?" என்று கேட்பீர்கள். இதைக் கண்டிக்கும் பைபிள் பகுதிகளான லேவியராகமம் 18, ரோமர் 1 எல்லாம் எனக்கும் மனப்பாடம். அந்த வசனங்களை எப்படி வாசிப்பது என்பதில் என் மனம் பல வருடங்களாக நகர்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆனால் இந்தத் தெரபியை எதிர்க்க அந்த முடிவே தேவையில்லை. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான் என்ற போதனையை மாற்றாமலே இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் சங்கம் 2017ல் இந்தத் தெரபியைத் தடை செய்யச் சொன்னது. ஒரே பாலினத்தாரின் உறவு தவறு என்று போதிக்கும் கத்தோலிக்க மறைக்கல்வி நூல்கூட, இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கவேண்டும் என்கிறது. அப்போஸ்தலன் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டினார், நீங்கவில்லை. கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. (ஈர்ப்பை முள் என்று நான் சொல்லவில்லை.) அவருக்கு விசுவாசம் போதாது என்று நாம் யாரும் சொன்னதில்லையே.

இதைத் தடுக்கச் சட்டம் வந்தால் ஜெபத்துக்குள் போலீஸ் வரும் என்ற பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2021ல் கொண்டுவந்த சட்டத்தில், ஒருவரை மாற்றும் நோக்கத்தோடு அவர்மேல் செய்யும் ஜெபமும் அடங்கும். அவரே சம்மதித்தாலும் விலக்கில்லை. வீட்டு ஜெபக்கூட்டத்துக்கே போலீஸ் வரும் மாநிலங்கள் உள்ள நம் நாட்டில் அந்த அளவுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவர் தானாக வந்து "எனக்காக ஜெபியுங்கள்" என்றால் ஜெபிக்கலாம். ஆனால் பதினெட்டு வயது ஆகாதவர்கள், கட்டாயம், பட்டினி, அடி, காணிக்கை வாங்கிக்கொண்டு மாற்றம் வரும் என்று கொடுக்கும் வாக்கு, இதையெல்லாம் தடுக்கச் சட்டம் வந்தால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன். அதுவரை காத்திருக்காமல் நம் ஆயர்கள் பிரசங்க மேடையிலிருந்தே இதை நிறுத்தச் சொல்லவேண்டும்.

நேற்று ராத்திரி அக்கா போன் பண்ணினார். பையன் அறையைவிட்டு வெளியே வரவில்லையாம், காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். "கதவைத் தட்டுங்கக்கா. பைபிளும் வேண்டாம், அட்வைஸும் வேண்டாம். டீ போட்டு எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

அரை மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். குடித்தானாம். கூடவே இரண்டு தோசை கேட்டானாம்.