1850 கணக்கெடுப்பு உறவுமுறையைச் சொல்வதில்லை

1850ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரோடு ஒரே வீட்டில் பதிவாகியிருப்பதால் ஒரு பெண்மணி அவருடைய மனைவி என்பதும், கீழே வரும் பிள்ளைகள் அப்பெண்மணி பெற்றவர்கள் என்பதும் உறுதியாகிவிட்டதாக, குடும்ப மரம் தேடும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. அடிமைப்படுத்தப்படாத அனைவரின் பெயர்களும் பதிவானது 1850 முதல்தான் என்பது உண்மையே. ஆனால் தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்வி 1880இல்தான் படிவத்தில் சேர்ந்தது. ஆகவே 1850, 1860, 1870 பட்டியல்களில் காணப்படும் பெண் இரண்டாம் தாரமாகவோ, கணவரை இழந்து வந்து தங்கிய தங்கையாகவோ இருக்கக்கூடும். 1880 படிவமும் தலைவரோடுள்ள உறவை மட்டுமே குறிப்பதால், "மகன்" என்றிருப்பவர் முதல் தாரத்தின் மகனாகவும் இருக்கலாம்.

உயில், சொத்துப் பங்கீட்டு ஆவணம், திருமணப் பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிடாமல் குடும்ப மரத்தில் தாயின் பெயரை எழுதுவது அவசரம். கணவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் ஒன்றியப் படையில் பணியாற்றியவரென்றால், வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கைம்பெண் ஓய்வூதியக் கோப்பைத் தேடலாம். ஓய்வூதியம் கோரிய கைம்பெண் தம் திருமணத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால், என் கணிப்பில் கணக்கெடுப்பைவிட அதுவே வலுவான சான்று. 1890 கணக்கெடுப்புப் பதிவுகளில் பெரும்பகுதி 1921 தீ விபத்துக்குப் பின் கிடைக்காமற்போனது நம் கெட்ட காலம். அடுத்து வந்த 1900 கணக்கெடுப்பிலோ, எத்தனை பிள்ளைகளைப் பெற்றார், அவர்களில் எத்தனை பேர் உயிரோடுள்ளனர் என்று ஒவ்வொரு தாயைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள்.