ஓட் கவிதை வெறும் புகழ்ச்சிப் பாட்டு இல்லை

ஓட் என்றால் ஒன்றை உயர்த்திப் பாடும் ஆங்கிலக் கவிதை என்று தேர்வுக் குறிப்புகள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அதன் உயிர் புகழ்ச்சியில் இல்லை. நடுவில் மனம் ஒருமுறை திரும்புகிறதே, அதில் இருக்கிறது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கக் கவிஞர் பிண்டார் விளையாட்டில் வென்றவர்களுக்காக எழுதிய பாட்டுகளில் பெரும்பாலானவை மும்மூன்று பத்திகளாக அமைந்தவை. பாடும் குழு முதல் பத்திக்கு ஒரு பக்கம் ஆடிப்போய், அடுத்ததற்கு எதிர்ப்பக்கம் வந்து, மூன்றாவதற்கு நின்று பாடியது என்பார்கள் பழைய உரைகாரர்கள். ஆங்கிலத்தில் கவிஞர் பென் ஜான்சன், இளம் வயதில் இறந்த மோரிசன் பற்றிய கவிதையில், அந்தப் பகுதிகளுக்குத் திருப்பம், எதிர்த்திருப்பம், நிலை என்றே தலைப்பு வைத்தார். 1656இல் ஆங்கிலக் கவிஞர் கௌலி இந்தக் கட்டுக்கோப்பை விட்டுவிட்டு, நினைத்த நீளத்தில் வரிகளை ஓடவிட்டார். பிண்டார் அப்படி எழுதவே இல்லை என்று 1706இல் நாடகாசிரியர் காங்கிரீவ் கண்டித்தார். கண்டித்தது சரிதான். ஆனாலும் கௌலி திறந்துவிட்ட வழியில்தான் பின்னாளில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் குழந்தைப் பருவ நினைவுகளைப் பற்றிய தன் பெரிய ஓட் கவிதையை எழுதினார்.

ரோமானியக் கவிஞர் ஹொரேஸின் வழி வேறு: ஒரே அளவான சிறு பத்திகள், தணிந்த குரல். ஆங்கிலக் கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல் 1650இல், உள்நாட்டுப் போரில் இங்கிலாந்து மன்னரை வென்ற தளபதி கிராம்வெலைப் பாடியது அந்த முறையில். பாட்டு கிராம்வெலுக்கு; ஆனால் வெட்டுமேடையில் கலங்காமல் தலைசாய்க்கும் முதலாம் சார்லஸ் மன்னர்தான் நம் மனதில் நிற்கிறார். வென்றவனைப் பாடும்போதே தோற்றவன் பக்கம் திரும்பிப் பார்க்கிற துணிச்சல் அது!

அப்புறம் ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ். 1819 வசந்தத்தில் அவருக்கு சானெட் என்ற பதினான்கு வரிக் கவிதையின் இயைபுக் கட்டு (வரிகளின் இறுதி ஓசை ஒன்றும் முறை) ஒத்துவரவில்லை. ஷேக்ஸ்பியர் பாணி நான்கு வரிகளோடு இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் பாணி ஆறு வரிகளைச் சேர்த்தது போன்ற பத்துவரிப் பத்தியில் நைட்டிங்கேல் பறவையைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு பத்தியிலும் எட்டாவது வரி மட்டும் மூன்றே சீர். வாய்விட்டுப் படித்தால் அங்கே மூச்சு சட்டென்று குறையும். முந்தைய டிசம்பரில்தான் தம்பி டாம் காசநோயில் இறந்திருந்தான். இளமை வெளிறி, மெலிந்து, சாகும் உலகத்தை விட்டுப் பறவையிடம் போய்விடத் துடிக்கிறார். ஏழாம் பத்தியின் கடைசிச் சொல்லே எட்டாம் பத்தியின் முதல் சொல்லாகி, மணியடித்ததுபோல் அவரைத் தன்னிடமே திருப்பி அனுப்புகிறது. பிண்டாரின் குழு காலால் செய்ததை இவர் ஒரு சொல்லால் செய்துவிட்டார். இதைப் புகழ்ச்சி என்று எப்படிச் சொல்வது?

அதே ஆண்டு செப்டம்பரில் வின்செஸ்டரில் எழுதிய இலையுதிர்காலக் கவிதையில் திருப்பமே இல்லையே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. மூன்றாம் பத்தி தொடங்கும்போது, வசந்தத்தின் பாட்டுகள் எங்கே என்று கேட்கிறார். அடுத்த வரியிலேயே, அவற்றை நினைக்காதே, உனக்கும் இசை உண்டு என்று இலையுதிர்காலத்திடம் சொல்லிவிடுகிறார். இரண்டே வரியில் நடந்து முடியும் அந்தத் திருப்பத்துக்காகவே அவருடைய ஓட் கவிதைகளில் இதை நான் முதலில் வைப்பேன்.