மார்பக எம்.ஆர்.ஐ.: அந்த ஊசி கதிரியக்க மருந்து அல்ல

“மார்பக எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது போடும் ஊசி கதிரியக்க மருந்து, அதைத் தவிர்த்துவிடுங்கள், ஊசி இல்லாமலே புற்றுநோய் தெரியும்” என்றொரு செய்தி பரவுகிறது. இரண்டுமே தவறு.

எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தாலும் வானொலி அலைகளாலும் இயங்குகிறது. எக்ஸ்ரே கதிர் அதில் கிடையாது. ஊசியில் இருப்பது காடோலினியம் என்ற உலோகத்தின் சேர்மம். அதுவும் கதிரியக்கம் உள்ளதல்ல.

ஊசி ஏன் வேண்டும்? வளரும் கட்டி தனக்கெனப் புதிய ரத்தக் குழாய்களை உருவாக்கிக்கொள்கிறது. அவசரத்தில் உருவான அவற்றின் சுவர்கள் கசியும். நோயாளி குப்புறப் படுத்திருக்க, கையின் ரத்தக் குழாயில் மருந்து ஏறும் முன் ஒரு படம், ஏறியபின் சில நிமிடங்களுக்குள் அடுத்தடுத்துப் படங்கள். புற்றுக்கட்டி பெரும்பாலும் முதல் இரண்டு நிமிடங்களிலேயே பளிச்சென ஒளிர்ந்து, பிறகு மங்கத் தொடங்கும். ஊசியைத் தவிர்த்தால் இந்தத் தடயமே கிடைக்காது. மார்பகத்தில் வைத்த சிலிக்கோன் பொருத்தி கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க ஊசி தேவையில்லை. புற்றுநோயைத் தேடுவது வேறு வேலை.

எச்சரிக்கை வேண்டிய இடமும் உண்டு. கடுமையான சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், முன்பு ஏற்பட்ட ஒவ்வாமை ஆகியவற்றைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். காடோலினியம் மூளையில் சிறிதளவு தங்குவது தெரியவந்ததால், 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை சில பழைய வகைகளை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. அப்படித் தங்குவதால் மூளைக்குத் தீங்கு நேர்ந்ததாக அப்போது சான்று கிடைக்கவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம் என்பதற்காக மாமோகிராமை (மார்பக எக்ஸ்ரே) கைவிடவும் கூடாது; நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளை அதுதான் தெளிவாகக் காட்டும்.